கைவிளக்கும் கனிந்த வாய்மையும்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. உள்ளே நம் வீட்டார் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார். வெளியே பெஞ்சில் அம்மா செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பெரியப்பா குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாருடைய கண்களும் வெள்ளுடை அணிந்த செவிலியின் முகத்திலேயே போய் நிற்கும். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், சிஸ்டர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டால்தான் நம் மனம் ஆறும்.

அந்த வேளையில் அவர் என்ன சொல்ல வேண்டும்? ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. உள்ளதை உள்ளபடியே கல்லை எறிவதுபோல் எறிந்துவிட்டுப் போவதும் எளிது. உண்மையையும் அன்பையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வதுதான் கடினம். அந்தக் கடினமான கலையைத் தம் வாழ்நாள் முழுவதும் பயின்று, பிறருக்கும் பயிற்றுவித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். உலகம் அவரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று போற்றுகிறது. அவர்தாம் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். குழந்தை பிறந்த நகரின் பெயரையே குழந்தைக்கும் இட்டனர். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு பெரிய மாளிகைகள் இருந்தன. தந்தை வில்லியம் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். கணக்கில் புளோரன்ஸுக்குத் தனி ஆர்வம். பிற்காலத்தில் அவர் கையில் பெரும் படைக்கலமாக விளங்கியது அந்தக் கணக்கே.

பதினேழு வயது நிரம்புவதற்கு முன்னரே, 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தம் பணிக்கென ஆண்டவர் தம்மை அழைப்பதாக அவர் உள்ளத்தில் உணர்ந்தார். என்ன பணி என்பது அப்போது தெரியவில்லை. நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதே அது என்று பின்னர்த் தெளிந்தபோது, வீட்டில் புயல் எழுந்தது. அக்காலத்து மருத்துவமனை இன்றைய மருத்துவமனை அன்று. அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்த இடம். பயிற்சி இல்லாதவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அங்கே தாதிகளாக இருந்தனர். 1845ஆம் ஆண்டு சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதம் பயிற்சி பெற அனுமதி கேட்ட மகளைத் தாயும் தமக்கையும் கண்ணீராலேயே தடுத்துவிட்டனர். நல்ல இடத்திலிருந்து வந்த திருமணத்தையும் அவர் மறுத்தார். 1851ஆம் ஆண்டு ஜெர்மனியில் கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரில் இருந்த தொண்டியர் இல்லத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அதையும் வெளியே யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கவே வீட்டார் விரும்பினர்.

மாணவியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தாரின் அச்சம் எப்படிப்பட்டது, அன்பே எப்படிச் சுவராக எழுந்து நிற்கும் என்பதை அவர் முதலில் தம் வீட்டிலேயே கற்றார். பின்னாளில் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் அவர் காட்டிய பொறுமைக்கு இந்தப் பாடமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1853ஆம் ஆண்டு லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவமனையின் மேற்பார்வை அவருக்குக் கிடைத்தது. அங்கே வந்தவர்களுள் பலர் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்த ஏழை ஆசிரியைகள். நோயாளி அழைத்தால் எந்தக் கட்டிலிலிருந்து அழைப்பு வந்தது என்பது தாதிக்கு உடனே தெரியும்படி மணிகளை அமைக்கச் செய்தார். தங்கள் சபையைச் சேர்ந்தவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் எண்ணியபோது, கத்தோலிக்கர் உட்பட எல்லாரையும் சேர்க்க வேண்டும், அவரவர் குருக்கள் வந்து அவரவரைச் சந்திக்க வழிவிட வேண்டும் என்று வாதாடி வென்றார். சாகும் தறுவாயில் இருப்பவரிடம் யார் வர வேண்டும் என்பதை நோயாளியின் மனமே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அடுத்த ஆண்டே பெரிய அழைப்பு வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாவில் போரிட்டன. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கும் செய்தியை டைம்ஸ் பத்திரிகை நாட்டுக்கு உரைத்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் அம்மையார் புறப்பட்டார். அவர்களுள் பத்துப்பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களைப் பெற்றுத் தருவதில் துணை நின்றவர், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த மானிங் அடிகளார். 1854ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அக்குழுவினர், இன்று இஸ்தான்புல் எனப்படும் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரிப் படைவீடு மருத்துவமனையை அடைந்தனர்.

அங்கே அவர்கள் கண்டதை விரித்துரைக்க மனம் கூசுகிறது. கூடங்களில் நெடுந்தூரம் வரிசை வரிசையாக வீரர்கள், மாற்றுத் துணி இல்லை, சோப்பு இல்லை, கட்டடத்தின் அடியிலே அடைபட்ட சாக்கடை. கை கால்களை அறுக்கும் சிகிச்சைகூட மற்றவர் கண்ணெதிரே நடந்தது. அடுத்துத் தம் முறைக்காகக் காத்திருப்பவன் அதைப் பார்த்து நடுங்கக் கூடாதென்று மறைப்புத் தட்டிகளை அம்மையார் வரவழைத்தார். இரவில் விளக்கைக் கையில் ஏந்திக் கட்டில் கட்டிலாகச் சென்றார். இறக்கும் தறுவாயில் இருப்பவன் தனியே இறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். தாமே பலருக்கு அருகில் அமர்ந்திருந்தார்.

கைவிளக்கின் கதையை நாம் அனைவரும் அறிவோம். அந்த விளக்கைக் கீழே வைத்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் அறியோம். எழுதுகோலை எடுத்தார். இறந்த வீரனின் தாய்க்கும் மனைவிக்கும் கடிதம் எழுத அமர்ந்தார்.

அந்த நாளில் ஒரு சாதாரணச் சிப்பாய் இறந்தால் அவன் வீட்டுக்கு விரிவாக எழுதுவார் யார்? பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவே. அம்மையாரின் கடிதமோ வேறு விதம். மகன் இறந்த செய்தியை முதலிலேயே தெளிவாகச் சொல்வார். சுற்றி வளைத்து ஏங்க வைக்க மாட்டார். என்ன நோய், எப்போது இறந்தான், கடைசி நாட்களில் யாரைப் பற்றிப் பேசினான், வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினான், அவனுக்கு என்னென்ன உதவிகள் செய்ய முடிந்தது என்பவற்றையெல்லாம் எழுதுவார். அவன் விட்டுச்சென்ற பணமும் பொருளும் உரியவர் கைக்குப் போய்ச்சேர வழி செய்வார்.

ஒரு தாய்க்கு வேண்டியதும் இதுவே. மகன் திரும்ப மாட்டான் என்று தெரிந்த பிறகு, அவன் தனியாகக் கிடந்தானா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார் உண்டா, தன்னை நினைத்தானா என்பவற்றைத்தான் அவள் உள்ளம் கேட்கும். அவற்றுக்கு உண்மையான விடை தர வேண்டுமானால், செவிலி அந்தக் கட்டிலருகே உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். பார்க்காததை எழுதினால் அது கதை. பார்த்ததை எழுதினால் அது ஆறுதல். நோயாளியின் அருகில் இருக்கும் கடமையும், குடும்பத்துக்கு உண்மை சொல்லும் கடமையும் ஒன்றே என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

உயிரோடு இருந்தவர்களையும் வீட்டாரையும் இணைக்க அவர் பாடுபட்டார். வீரர்கள் சம்பளத்தைக் குடித்தே தீர்ப்பார்கள் என்பது மேலதிகாரிகளின் எண்ணம். வீட்டுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்புவார்கள் என்றார் அம்மையார். தாமே அவர்களிடம் பணத்தை வாங்கி அனுப்பத் தொடங்கினார். 1856ஆம் ஆண்டு அரசே மணியார்டர் அலுவலகங்களைத் திறந்தது. சுமார் ஆறே மாதத்தில் 71,000 பவுன் வீரர்களின் வீடுகளுக்குச் சென்றது! நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனி மனிதனாக அவர் என்றும் பார்க்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அவருடன் சென்ற கன்னியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இம்மலரில் இக்கட்டுரை நிறைவு பெறாது. லண்டன் பெர்மண்ட்ஸியில் இருந்த இரக்கத்தின் சகோதரிகள் மடத்தின் தலைவி அன்னை மேரி கிளார் மூர் தம் சகோதரிகளுடன் வந்திருந்தார். கத்தோலிக்க வீரர்களுக்கு மட்டுமே கன்னியர் ஞான ஆறுதல் கூறலாம். மற்றவர்களுக்கு உடல் சார்ந்த பணிவிடை மட்டுமே என்பது விதி. படுக்கையில் கிடக்கும் எளியவனின் பலவீனத்தை யாரும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதே அதன் நோக்கம். அன்னை கிளார் அவ்விதியைக் காத்து உழைத்தார். தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அவரே தகுதியுடையவர் என்று ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த நைட்டிங்கேல் அம்மையார் கடிதத்தில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார். அவர்களுடைய நட்பு 1874ஆம் ஆண்டு அன்னை கிளார் இறக்கும் வரை நீடித்தது. 1856ஆம் ஆண்டு ஆகஸ்டில், வரவேற்புகளைத் தவிர்த்து யாருக்கும் தெரியாமல் லண்டன் திரும்பிய அம்மையார், முதலில் சென்ற இடம் பெர்மண்ட்ஸி மடமே. அங்கே செபித்துவிட்டுத்தான் தம் வீட்டுக்கு இரயில் ஏறினார்.

இனி அவர் வாழ்வின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம். 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் நோயாளிகள் 100 பேருக்கு 42 பேர் என்ற கணக்கில் இறந்துகொண்டிருந்தனர். மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து, சாக்கடையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்துக்குள் அந்த எண்ணிக்கை 100க்கு 2 ஆகக் குறைந்தது. ஊர் திரும்பிய பிறகு, புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் துணையுடன் அம்மையார் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க்காயத்தால் மாண்டவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டவர்களே பன்மடங்கு அதிகம். நோயால் மட்டும் மாண்ட ஆங்கிலேய வீரர்கள் 16,000க்கும் மேல். அந்த முதல் குளிர்காலத்தில், தாம் இரவும் பகலும் உழைத்த அந்த மருத்துவமனையே ஒரு சாவுக்கிடங்காக இருந்தது!

எத்தனை தாய்மாருக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார்! அந்த மகன்களுள் பலர் பிழைத்திருக்கக்கூடும் என்ற உண்மை இப்போது அவர் முன்னே நின்றது. நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. வாய் திறவாமல் இருந்திருந்தால் அவர் புகழுக்கு ஒரு குறைவும் வந்திராது. அவர் வாய் மூடவில்லை. நிறம் தீட்டிய வட்ட வரைபடங்களாக அந்தச் சாவுகளை வரைந்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. 1858ஆம் ஆண்டு பெரிய அறிக்கையாகத் தம் செலவில் அச்சிட்டு, நாட்டை ஆள்வோர் கைகளில் சேர்த்தார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் செலுத்த வேண்டிய கடன், இனி வேறு குடும்பங்களுக்கு இது நேராமல் காப்பதே என்று அவர் கருதினார். மருத்துவமனையில் தவறு நேர்ந்தால் அதை மூடி மறைப்பது தொண்டு ஆகாது. அது எத்தனை உயர்ந்தவர் செய்த தவறாயினும், நம் கையே அதில் இருந்தாலும், ஒப்புக்கொண்டு திருத்துவதே தொண்டு. இந்த ஒன்றுக்காகவே அவர் முன் நாம் தலை வணங்கலாம்.

கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவர் உடலை உருக்குலைத்தது. 1857ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே வாழ்ந்தார். செவிலியாக இருந்தவர் நோயாளியானார். அந்த அனுபவமும் சேர்ந்து பிறந்ததே, 1859ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த செவிலியம் பற்றிய அவருடைய குறிப்புகள் என்னும் சிறு நூல். முதல் மாதத்திலேயே 15,000 படிகள் விற்றன. அது செவிலியருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் எல்லாப் பெண்களுக்குமாக எழுதப்பட்டது. நம் கருப்பொருளுக்கு உரிய நான்கு பாடங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள் என்பது. பார்க்க வருகிறவர்கள் நோயை இலேசாகப் பேசி, விரைவில் எழுந்து நடமாடுவீர்கள் என்று சொல்லும்போது நோயாளி மகிழ்வதில்லை. தன் துன்பத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் மேலும் தனிமைப்படுகிறார். நம் ஊரிலும் இதைக் காண்கிறோம். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர் என்று வீட்டார் கெஞ்சுவர். நோயாளியோ முன்னமே உணர்ந்திருப்பார். வீட்டார் வருந்துவார்களே என்று அவரும் மறைப்பார். ஒரே அறைக்குள் இரு தரப்பும் நடித்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசாமலே பிரிந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, நோயாளியின் காதுக்கு எட்டும் இடத்தில் கிசுகிசுக்காதீர்கள் என்பது. கதவருகே டாக்டரும் உறவினரும் தாழ்ந்த குரலில் பேசினால், தன்னைப் பற்றியதே என்று அறிந்து நோயாளி செவியைத் தீட்டிக்கொண்டு தவிப்பார். பேசுவதானால் அவர் அறியாத தொலைவில் பேசுக. அல்லது அவர் முன்னே தெளிவாகப் பேசுக.

மூன்றாவது, கண்டதைக் கண்டபடி சொல்க என்பது. எப்படி இருக்கிறார் என்று கேட்டால், பரவாயில்லை என்பது விடை ஆகாது. எவ்வளவு நேரம் உறங்கினார், எவ்வளவு உணவு உட்கொண்டார், வலி எப்போது வந்தது என்பவையே விடை. நல்லதோ கெட்டதோ, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லப் பழகாதவர் எத்தனை அன்புடையவராயினும் நல்ல செவிலி ஆகார் என்பது அவர் கருத்து.

நான்காவது, நோயாளியின் செய்தி நோயாளிக்கே சொந்தம் என்பது. கேட்க உரிமை உடையவருக்கன்றி மற்றவருக்கு நோயாளியைப் பற்றிச் செவிலி விடை கூறக் கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவரும், தூரத்து உறவினரும், தெருவில் எதிர்ப்படுவோரும் கேட்கத்தான் செய்வர். அன்பாகவே கேட்பர். ஆயினும் புன்னகையோடு மறுப்பதே அறம்.

நன்றியுள்ள மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டு லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஒவ்வொரு மாணவியின் வேலைத் திறத்தோடு, நேரந்தவறாமை, அமைதி, நம்பிக்கைக்குரிய தன்மை ஆகியவற்றையும் மாதந்தோறும் ஏட்டில் குறித்தனர். ஊசி போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாமல், நம்பத்தக்கவளாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்கே விதி. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், அவர் பெயரால் செவிலியர் உறுதிமொழி ஒன்றை வேறு சிலர் இயற்றினர். நோயாளியின் சொந்தச் செய்திகளையும் குடும்பச் செய்திகளையும் இரகசியமாகக் காப்பது அதில் ஒரு கூறு. நம் நாட்டிலும் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவன்று மாணவியர் அவர் பெயரால் உறுதிமொழி எடுக்கின்றனர்.

தந்தை 1874ஆம் ஆண்டு இறந்தபின், ஒரு காலத்தில் தம் வழியை மறித்த தாயை அவரே கவனித்துக்கொண்டார். கண்ணொளியும் நினைவும் மங்கிய அந்த முதிய தாய் 1880ஆம் ஆண்டு மறைந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் செவிலியாகவும், அதன்மேல் நோயாளியாகவும், அதன் ஓரத்தில் மகளாகவும் இருந்தவர் நம் அம்மையார். 1907ஆம் ஆண்டு பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், தமது 90ஆம் வயதில், லண்டனில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் இணங்கவில்லை. கிராமத்துக் கல்லறையில் பெற்றோருக்கு அருகே உறங்குகிறார். கல்லில் அவர் முழுப் பெயர் கூட இல்லை. இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாட்களும் மட்டுமே. அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது.

நம் பள்ளியிலிருந்தும் நாளை சிலர் வெள்ளுடை அணிந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவீர்கள். பெஞ்சில் அமர்ந்திருக்கும் அத்தனை கண்களும் உங்களை நோக்கும். அப்போது நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகாதீர்கள். ஒரு நிமிடம் அவர்கள் அருகில் அமருங்கள். நோய் எங்கே போய் முடியும் என்பதை டாக்டர் வந்து விளக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதை எளிய சொல்லில் கூறுங்கள். உள்ளே அவர் தனியாக இல்லை என்பதை, அது மெய்யாக இருக்கும்படி நடந்துகொண்டு, பிறகு சொல்லுங்கள்.

செவிலியர் ஆகாதவர்களுக்கும், பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவமனைக்குச் சென்றால் அறிவுரை மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுச் செல்வோம். பிறர் வீட்டு நோயைக் கல்யாண வீட்டுப் பேச்சாக்காமல் இருப்போம். உண்மையைச் சொல்லும் சிஸ்டரிடம் சினங்கொள்ளாமல் இருப்போம். அந்தச் சொல்லை நம்மிடம் கொண்டுவர அவருக்கும் மனம் வலித்திருக்கும்.

அம்மையார் ஏந்திய விளக்கு நோயாளியின் முகத்தைக் காட்டியது. அவர் எழுதிய கடிதமோ கடலுக்கு அப்பால் இருந்த தாயின் இருண்ட வீட்டிலும் சற்று வெளிச்சம் தந்தது. அந்த வெளிச்சத்தை நம் நாவிலும் தாங்கும் வரத்தை ஆண்டவரிடம் கேட்போம்.